அளவெடுத்த எஃகு: பிரிட்டனில் மிதிவண்டிச் சட்டகக் கைத்தொழிலின் வரலாறு

மிதிவண்டியின் சக்கரம், பெடல், சங்கிலி, சீட், பிரேக் ஆகிய உறுப்புகள் எல்லாம் கழற்றி மாற்றத்தக்கவை. ஆனால் அவற்றைத் தாங்கும் சட்டகம், அதாவது பட்டறைப் பேச்சில் பிரேம் என்று வழங்கும் குழாய்க் கூடு, ஒருமுறை அமைந்துவிட்டால் அதன் நீளமும் கோணமும் மாறுவதில்லை. ஓட்டுபவரின் முதுகு எவ்வளவு குனியும், முழங்கால் எந்த நிலையில் பெடலை அழுத்தும், வளைவில் வண்டி எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பனவற்றை எல்லாம் சட்டகமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எனவே ஒருவரின் கால், உடல், கை ஆகியவற்றை அளந்து, அவர் எத்தகைய பாதையில் எதற்காக ஓட்டுகிறார் என்பதையும் கேட்டறிந்து, அவருக்கென்றே ஒரு சட்டகத்தைக் கையால் செய்து தரும் தொழில் மிதிவண்டியின் வரலாறு நெடுகிலும் இருந்துவந்துள்ளது. இத்தொழில் 1930 முதல் 1980 வரையிலான அரை நூற்றாண்டில் பிரிட்டனில் ஆழ வேரூன்றியது. அங்கு இது செல்வர்களின் ஆடம்பரமாக வளராமல், ஆலைத் தொழிலாளர்களும் எழுத்தர்களும் மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கிய உடைமையாக வளர்ந்தது என்பதே இதன் வரலாற்றைக் கருதத்தக்கதாக்குகிறது. தேர்ந்த கைகள் எப்படி உருவாயின என்பதோடு, தேர்ந்து கேட்கும் வாடிக்கையாளர்கள் எப்படி உருவானார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்தொழிலின் எழுச்சியும் தளர்ச்சியும் விளங்கும்.

இன்றைய மிதிவண்டியின் வடிவம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தொடங்குகிறது. அங்கு ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் வெளியிட்ட ரோவர் வண்டி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களையும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியையும் கொண்டிருந்தது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதை அடுத்து, அதிர்வைக் குறைக்கும் வேலையைப் பெருமளவு டயரே ஏற்றுக்கொண்டதால், சட்டகத்தை எளிய நேர்க்குழாய்களால் அமைக்க முடிந்தது. 1890களில் நிலைபெற்ற வடிவம் இரு முக்கோணங்களால் ஆனது: மேற்குழாய், கீழ்க்குழாய், சீட்டைத் தாங்கும் குழாய் ஆகியவை முன்னே ஒரு கட்டமாகக் கூட, அதன் முன்முனையில் ஹேண்டில்பாரையும் முன்கவையையும் ஏற்கும் குட்டையான தலைக்குழாய் அமையும், பின்சக்கரத்தின் இருபுறமும் செல்லும் மெல்லிய குழாய்கள் பின்முக்கோணத்தை உருவாக்கும். இவ்வடிவம் மிகச் சிறிதே மாறியிருக்கிறது என்பதால், அதன்பின் வந்த கைவினைஞரின் திறமை புதிய வடிவங்களைக் கண்டுபிடிப்பதில் வெளிப்பட்டதைவிட, இவ்வடிவத்துக்குள் அளவையும் கோணத்தையும் உலோகத்தையும் நுட்பமாக ஆள்வதிலேயே மிகுதியும் வெளிப்பட்டது.

உலோகத்தில் ஏற்பட்ட முதல் பெரிய முன்னேற்றம் பர்மிங்காமில் நிகழ்ந்தது. சட்டகத்தின் குழாய்கள் ஒன்றோடொன்று கூடும் முனைகளில்தான் நெருப்பின் சூட்டையும் பாதையின் அதிர்ச்சியையும் மிகுதியாகத் தாங்க வேண்டியிருக்கிறது. நடுப்பகுதிக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. முனைக்கு வேண்டிய தடிமனை முழு நீளத்துக்கும் கொடுத்தால் வண்டி கனக்கும், நடுவுக்குப் போதுமான மெல்லிய குழாயையே முழுதும் பயன்படுத்தினால் மூட்டுகள் உடையும் என்ற இந்தச் சிக்கலுக்கு, ஆல்ஃபிரட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்ற முறை தீர்வு தந்தது. குழாயின் வெளி விட்டம் முழுதும் ஒன்றாகவே இருக்க, உட்புறத்தில் மட்டும் முனைகளின் சுவர் தடித்தும் நடுச்சுவர் மெலிந்தும் அமையும்படி குழாயை இழுக்கும் முறை அது. அவர் நிறுவிய தொழிலகம் 1928இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெருங்குழுமத்தில் இணைந்தது. 1935இல் அது 531 என்ற எண்ணால் பெயர் பெற்ற மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாயை வெளியிட்டது. முனையில் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டரும் நடுவில் ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டரும் சுவர்த் தடிமன் கொண்ட இக்குழாய்கள், குழாய்களை இணைக்கும் பித்தளைப் பற்றின் சூட்டுக்குப் பிறகும் தம் வலிமையைப் பெருமளவு தக்கவைத்துக்கொண்டன. எந்தச் சிற்றூர்ப் பட்டறையும் தபாலில் எழுதிக் கேட்டு இக்குழாய்களைப் பெற முடிந்ததால், பெரிய ஆலைக்குக் கிடைத்த அதே உலோகம் ஒற்றை ஆள் பட்டறைக்கும் கிடைத்தது. மூலப்பொருளில் சமநிலை ஏற்பட்டபின் வேறுபாடு முழுதும் கைத்திறனைச் சார்ந்ததாயிற்று.

அக்கைத்திறன் எத்தகையது என்பதை வேலையின் வரிசையைக் கொண்டே அறியலாம். முதலில் வாடிக்கையாளரின் அளவுகளிலிருந்து சீட் குழாயின் உயரமும் மேற்குழாயின் நீளமும் முடிவாகும். பிறகு சீட் குழாயும் தலைக்குழாயும் தரையோடு கொள்ளும் கோணங்கள் முடிவாகும். இக்கோணங்களில் ஒரு பாகை வேறுபாடும் ஓட்டத்தில் தெரியும்: தலைக்கோணம் நிமிரும்போது வண்டி சிறு அசைவுக்கும் விரைந்து திரும்பும், சாயும்போது நெடும்பயணத்துக்கு ஏற்ற நிதானம் கிடைக்கும். முன்கவையின் நுனி எவ்வளவு முன்னோக்கி வளைய வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். அளவுகள் முடிவானபின் ஒவ்வொரு குழாயின் முனையையும் அரைவட்ட அரத்தால் பிறைவடிவில் அராவி, அடுத்த குழாயின் வளைவில் இடைவெளியின்றிப் படியுமாறு செய்வார்கள். அதன்பின் குழாய்கள் லக் எனப்படும் எஃகுக் குவளைகளுக்குள் செருகப்படும். வார்ப்பாகவோ அழுத்திய தகடாகவோ வாங்கப்படும் இக்குவளைகளின் தடித்த விளிம்பை மெல்லியதாக அராவி, முனைகளைக் கூர்மையாகவோ வளைவாகவோ செதுக்குவது பட்டறைக்குப் பட்டறை மாறும் கையெழுத்தாக விளங்கியது. அழகுக்காக மட்டும் இவ்வாறு செய்யப்படவில்லை; விளிம்பு மெலிந்தால் தடித்த பகுதியிலிருந்து மெல்லிய பகுதிக்கு விசை படிப்படியாக இறங்கும், மூட்டின் ஓரத்தில் விரிசல் விழும் வாய்ப்பும் குறையும்.

குழாய்களைக் குவளையில் சிறு ஆணிகளால் நிறுத்தியபின் வெங்காரம் சேர்ந்த குழம்பைப் பூசி மூட்டைச் சூடாக்குவார்கள். வெங்காரம் உருகி உலோகத்தின் மேல் துருப்படலம் உண்டாகாமல் காக்க, ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் உருகும் பித்தளை, குழாய்க்கும் குவளைக்கும் இடையிலுள்ள மிக நுண்ணிய இடைவெளிக்குள் நுண்புழை நுழைவால் தானே இழுக்கப்பட்டு மறுபுறம் எட்டிப் பார்க்கும். சூடு குறைந்தால் பித்தளை வெளியிலேயே திரண்டு நின்றுவிடும். சூடு மிகுந்தாலோ மெல்லிய எஃகின் உள்ளமைப்பு கெட்டு, சில ஆண்டுகளில் அவ்விடத்திலேயே முறியும். வெப்பமானி எதுவும் மூட்டுக்குள் செல்ல இயலாது என்பதால், உலோகத்தின் நிறத்தையும் வெங்காரம் கண்ணாடிபோல் தெளியும் கணத்தையும் கண்டே கைவினைஞர் சூட்டை மதிப்பிட வேண்டியிருந்தது. டார்ச்சின் ஒற்றைச் சுடருக்குப் பதிலாக, நெருப்புச் செங்கல் சூழ்ந்த திறந்த உலையில் வாயுச் சுடரால் மூட்டு முழுவதையும் மெல்ல மெல்ல ஒருசீராகச் சூடாக்கும் பழைய முறையை டெர்பி நகரில் 1946இல் தொடங்கப்பட்ட மெர்சியன் போன்ற சில பட்டறைகள் நெடுங்காலம் விடாமல் போற்றின. மூட்டு ஆறியபின் அதைச் சுத்தம் செய்து, சமதளமான இரும்பு மேசையில் வைத்துச் சட்டகம் நேராக உள்ளதா என்று சரிபார்த்து, வண்ணம் பூசி உலையில் சுட்டு, குவளைகளின் ஓரங்களில் தூரிகையால் மெல்லிய கோடு இழுப்பதோடு வேலை முடிவுறும். மூட்டின் உட்புறம் வாங்குபவரின் கண்ணுக்கு ஒருபோதும் படாது; ஆகவே இத்தொழிலில் பெயர் என்பது ஆண்டுக்கணக்கில் முறியாமல் ஓடிய சட்டகங்களால் மட்டுமே சேர்ந்தது.

இத்தகைய வேலையைக் கேட்டு வாங்கிய மக்கள் எங்கிருந்து வந்தனர் என்பதற்குப் பிரிட்டிஷ் மிதிவண்டிச் சங்கங்களின் வரலாறே விடை. 1878இல் தோன்றிய மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கமும், சமதர்மக் கொள்கையுடைய தொழிலாளர்கள் 1894இல் பர்மிங்காமில் தொடங்கிய கிளாரியன் சங்கமும், நகரந்தோறும் முளைத்த நூற்றுக்கணக்கான சிறு சங்கங்களும் வார இறுதியில் ஆலைப்புகையிலிருந்து வெளியேறும் வழியை உழைப்பாளர்க்குக் காட்டின. பந்தயத் துறையிலோ ஒரு வினோதமான கட்டுப்பாடு நிலவியது. பொதுச்சாலையில் கூட்டமாக ஓட்டும் பந்தயங்களால் காவல்துறை மிதிவண்டியையே தடைசெய்துவிடும் என்றஞ்சிய தேசிய மிதிவண்டியாளர் ஒன்றியம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவற்றை விலக்கிவிட்டது. அதற்கு மாற்றாக எஃப். டி. பிட்லேக்கின் முயற்சியால் 1895இல் தொடங்கியதே தனியாள் நேர ஓட்டம்: ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்பட்டு, குறித்த தொலைவைக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயம் இது. இதுவும் யார் கண்ணிலும் படாதிருக்க வேண்டி, ஞாயிறு விடியற்காலையில், கழுத்து முதல் கணுக்கால்வரை கறுப்பு உடையணிந்து, குறியீட்டுப் பெயர் சூட்டிய சாலைகளில் நடந்தது.

இந்த நேர ஓட்டமே கைவினைச் சட்டகத்தின் தேவையை ஆழமாக வடிவமைத்தது. இதில் கூட்டத்தின் மறைவோ தந்திரமோ உதவாது. ஒருவரின் உடலும் வண்டியும் மட்டுமே கணக்கு. 25 மைல் தூரத்தில் சில விநாடிகளைக் குறைக்க விரும்பிய இளைஞர், தம் உடலுக்குப் பொருந்தாத ஆலை வண்டியால் இழப்பது என்ன என்பதைத் துல்லியமாக அறிந்தார். அதே வேளையில் அவருக்கு ஒரு வண்டிக்குமேல் வாங்க வசதியில்லை. வார நாட்களில் வேலைக்குச் செல்லவும், சனிக்கிழமை பந்தயக் களத்துக்குச் சென்று சேரவும், மறுநாள் பந்தயத்தில் ஓடவும், விடுமுறையில் வேல்ஸ் மலைகளைச் சுற்றிவரவும் அதே சட்டகம் உழைக்க வேண்டும். மெல்லிய பந்தயச் சக்கரங்களை முன் அச்சில் பொருத்திய தாங்கிகளில் கட்டிக்கொண்டு, சாதாரணச் சக்கரங்களில் களத்துக்குச் சென்று, அங்கே மட்கார்டைக் கழற்றிச் சக்கரம் மாற்றி ஓடிவிட்டு, மீண்டும் பூட்டிக்கொண்டு வீடு திரும்புவது அக்கால வழக்கம். எந்தெந்த இடத்தில் விளக்குத் தாங்கியும் மட்கார்டு துளையும் பம்ப் பிடிப்பும் வேண்டும் என்று வாடிக்கையாளர் பட்டியலிட்டு எழுதிக் கொடுத்ததும், பட்டறை உரிமையாளர் சில கோணங்களை மறுத்து வேறு பரிந்துரைத்ததும் சங்கங்களில் ஓயாது பேசப்பட்டு வந்தமையால், வாங்குவோர் கூட்டம் முழுவதுமே காலப்போக்கில் இத்தொழிலின் நுட்பத்தில் பயிற்சி பெற்றுவிட்டது.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இலண்டன் பட்டறைகள் தனித்தன்மையான உருவங்களை வெளியிட்டன. ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த ஹைமன் ஹெட்சின், டாட்டன்ஹாமில் நடத்திய கடையில் ஜாக் டென்னி என்ற கைவினைஞரோடு சேர்ந்து உருவாக்கிய சட்டகத்தின் பின்குழாய்கள் நேராக இல்லாமல் நெளிந்து சென்றன; அந்நெளிவு பாதையின் அதிர்வை உள்வாங்கும் என்று ஹெட்சின்ஸ் நிறுவனம் கூறியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் தங்கம் வென்ற ஜெர்மானியர் டோனி மெர்கென்ஸ் ஓட்டியதும் ஹெட்சின்ஸ் வண்டியே. இலண்டனின் பேட்ஸ் சகோதரர்கள் நடுவில் பருத்து முனைகளில் சிறுத்த குழாய்களையும், இருமுறை வளைந்த முன்கவையையும் கையாண்டனர். பிராட்ஃபோர்டு நகரின் பெய்ன்ஸ் பட்டறை, சீட் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி முன், பின் சக்கரங்களை நெருக்கமாக்கியது. அதன் தோற்றத்தால் அதற்குப் பறக்கும் கதவு என்ற பட்டப்பெயரே நிலைத்தது. அமெச்சூர் வீரரின் வெற்றியை வண்டி செய்தவர் விளம்பரமாக்கக் கூடாது என்ற விதி கடுமையாக இருந்த காலத்தில், பெயர் மறைக்கப்பட்ட புகைப்படத்திலும் தம் வண்டி அடையாளம் காணப்பட வேண்டும் என்ற நோக்கமே இவ்வுருவங்களுக்குக் காரணம் என்று இத்துறையின் வரலாற்றை எழுதியோர் பலர் கருதுகின்றனர். 1950 வாக்கில் ஹெட்சின்ஸ் வெளியிட்ட மேக்னம் ஓபஸ் மாதிரியின் கொடிபோல் சுருண்டோடும் குவளை வேலைப்பாட்டில் இப்போக்கு உச்சம் தொட்டது. குவளைகளோடு கூடுதல் துண்டுகளைப் பற்றவைத்து, பின்னர் அறுத்தும் அராவியும் அவ்வடிவங்கள் பெறப்பட்டன.

இலண்டனுக்கு வெளியே இத்தொழில் மேலும் அடக்கமாகவும் உறுதியாகவும் ஊன்றியது. லீட்ஸில் பாப் ஜாக்சன், ஷிப்லியில் எல்லிஸ் பிரிக்ஸ், டெர்பியில் மெர்சியன் என்று வடக்கு, நடுநாட்டுத் தொழில் நகரங்களில் ஊருக்கு ஊர் ஒரு பெயர் வழங்கியது. எல்லிஸ் பிரிக்ஸ் பட்டறையில் வேலை செய்த கென் ரஸல், அப்பட்டறையின் வண்டியிலேயே 1952ஆம் ஆண்டின் பிரிட்டன் சுற்றுப் பந்தயத்தை வென்றார் என்பது, செய்பவருக்கும் ஓட்டுபவருக்கும் இடையே அங்கு இருந்த நெருக்கத்தைக் காட்டும். ஸ்டாக்டன் நகரில் ஜாக், நார்மன், கென் என்ற டெய்லர் சகோதரர் மூவர், குவளையே இல்லாமல் மூட்டைச் சுற்றி உலோகத்தை வழவழப்பான குழிவாகப் படியவைக்கும் முறைக்கும், இருவர் ஓட்டும் டேண்டம் வண்டிகளுக்கும் பெயர் பெற்றனர்.

இதே காலத்தில் நாட்டிங்காமின் ராலே போன்ற பேராலைகள் இலட்சக்கணக்கில் வண்டிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. அவை சில நிலையான அளவுகளில் மட்டும் வந்தன. ஓட்டுபவர்தான் வண்டிக்கு ஏற்பத் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டும். தமிழகத்துக்கு வந்து சேர்ந்தது பிரிட்டிஷ் மிதிவண்டித் தொழிலின் இந்தப் பக்கம்தான். ரெனால்ட்ஸ் குழாயகத்தைத் தன்னுள் கொண்டிருந்த அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம், முருகப்பா குடும்பத்தினரோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. பால்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே அளவில் கிடைத்த அந்த உறுதியான வண்டி நாட்டின் தேவையை நிறைவேற்றியது. சுமை ஏற்றுவதும் ஊர் சேர்வதுமே நோக்கமாக இருந்த சூழலில், ஒரு பாகைக் கோணத்தைப் பற்றிக் கேட்கும் வாடிக்கையாளர் உருவாக இடமில்லாமற்போனது இயல்பே.

பிரிட்டனில் 1942 சூன் மாதத்தில் பெர்சி ஸ்டாலர்ட் ஒன்றியத்தின் தடையை மீறி லங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டனுக்கு நடத்திய கூட்டப் பந்தயம் புதிய கட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக எழுந்த பந்தயச் சங்கம் ஐரோப்பாவை நோக்கியதால், இளைஞர்கள் பிரெஞ்சு, இத்தாலிய வண்டிகளின் பாணியையும் கியர் மாற்றும் கருவிகளையும் விரும்பத் தொடங்கினர். இத்தாலியில் தொழில் வேறு பாதையில் வளர்ந்திருந்தது. மிலானின் விகோரெல்லி ஓடுகளத்தின் அடியில் பட்டறை வைத்திருந்த ஃபாலியரோ மாசி, கம்பியாகோவில் 1954இல் தொழில் தொடங்கிய எர்னெஸ்டோ கொல்னாகோ, உகோ டி ரோசா ஆகியோருக்குத் தொழில்முறைப் பந்தய வீரர்களே முதன்மை வாடிக்கையாளர்கள். எட்டி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தது கொல்னாகோ செய்த, ஆறு கிலோகிராமுக்கும் குறைவான எடையுள்ள எஃகு வண்டியில். உலகின் மிகக் கடுமையான வாடிக்கையாளர் ஒருவர் கேட்கும்போது இக்கைத்தொழில் எந்த எல்லைவரை செல்லும் என்பதை அவ்வண்டி மெய்ப்பித்தது.

பிரிட்டனில் சரிவு 1950களின் நடுவில் தொடங்கியது. தவணையில் மோட்டார் வண்டியும் காரும் வாங்க முடிந்த தொழிலாளர் குடும்பங்கள் மிதிவண்டியைக் கைவிட்டன, சங்கங்கள் மெலிந்தன, இலண்டனின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான கிளாட் பட்லர் நொடித்து, ஹோல்ட்ஸ்வொர்த் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பட்டறையில் கை பழகியோர் அப்போதும் இருந்தனர். குறைந்தது அவர்களிடம் வேலையைக் கேட்டு வந்த கூட்டம். இருந்தும் தொழிலின் நுட்பம் தொடர்ந்து உயர்ந்தது. 1974இல் ராலே நிறுவனமே ஜெரால்ட் ஓடோனவன் தலைமையில் இல்கெஸ்டனில் ஒரு தனிப் பட்டறையை அமைத்துத் தன் பந்தய அணிக்குக் கையால் சட்டகங்கள் செய்தது. 1980இல் ஜூப் சூட்டமெல்க் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றது அந்த அணிக்காகவே. அக்காலத்தில் வெளிவந்த ரெனால்ட்ஸ் 753 குழாய் வெப்பத்தால் கடினமாக்கப்பட்டது. பித்தளையின் சூட்டில் அக்கடினம் அழிந்துவிடும் என்பதால், அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் வெள்ளிக் கலவையால் மட்டுமே அதை இணைக்க வேண்டும். மாதிரி மூட்டைச் செய்தனுப்பித் தேர்ச்சி பெற்ற பட்டறைகளுக்கு மட்டுமே ரெனால்ட்ஸ் அக்குழாயை விற்றது. உலோகம் செய்பவரே கைவினைஞரின் திறமையைச் சோதித்துச் சான்றளித்த நிகழ்வு இது.

பிரிட்டனில் தளர்ந்த திறமை பிற நாடுகளில் மாணவர்களைக் கண்டது. 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் சாக்ஸ், பீட்டர் வைகல் ஆகிய அமெரிக்க இளைஞர்கள் இலண்டனின் டெட்ஃபோர்டு பகுதியிலிருந்த விட்கோம் பட்டறையில் தொழில் கற்றுத் திரும்பி, தம் நாட்டில் இக்கைத்தொழிலை வேரூன்றச் செய்தவர்களுள் முன்னோடிகளாயினர். 1980களுக்குப் பிறகு அலுமினியமும் கார்பன் இழையும் பந்தயத்தைக் கைப்பற்றி, தயாரிப்பு பெருமளவு தைவானுக்கு நகர்ந்தபோது எஃகுச் சட்டகம் முடிந்துபோன கதையாகத் தோன்றியது. ஆனால் 2005இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தொடங்கிய கைவினை மிதிவண்டிக் கண்காட்சியும், 2011இல் பிரிஸ்டலில் தொடங்கிய பிஸ்போக்ட் கண்காட்சியும், தம் உடலுக்கும் பயணத்துக்கும் ஏற்ற வண்டியைத் தெரிந்து கேட்கும் புதிய தலைமுறை ஒன்று உருவாகியிருப்பதை வெளிப்படுத்தின.

ஜப்பானில் இதே தேவை விதியாகவே எழுதப்பட்டது. 1948இல் கொகுராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் பொதுமக்கள் பணம் வைத்து ஆடுவதால், வண்டியின் புதுமை முடிவை மாற்றிவிடாதபடி, அங்கீகாரம் பெற்ற பட்டறைகளின் எஃகுச் சட்டகங்களே அதில் அனுமதிக்கப்பட்டன. ஒவ்வொரு வீரரும் தம் அளவுக்கு ஒரு கைவினைஞரிடம் சட்டகம் செய்துகொள்ள வேண்டியிருந்ததால், உலகம் கார்பனுக்கு மாறிய பின்னும் அங்கே அரமும் சுடரும் ஓயவில்லை. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற கொய்ச்சி நகானோவுக்குச் சட்டகம் செய்தளித்த யோஷியாகி நகசவா, இத்தாலியில் டி ரோசாவிடம் பயின்றவர் என்பது, ஒரு நாட்டின் பட்டறை அறிவு மற்றொரு நாட்டின் விதியால் காக்கப்பட்டதற்குச் சான்று.

இவ்வரலாறு முழுவதையும் சேர்த்து நோக்கினால், கைத்தொழில் அழிவதற்கு இயந்திரம் மட்டுமே காரணம் என்ற பொதுக் கருத்து போதாது என்பது தெளிவாகிறது. பேராலைகள் உச்சத்தில் இருந்த 1930களிலும் 1940களின் இறுதியிலும்தான் பிரிட்டனின் சிறு பட்டறைகளும் செழித்தன. ஏனெனில் ஒரு சங்கத்தில் சேர்ந்த பதினெட்டு வயது ஆலைத் தொழிலாளி சில ஆண்டுகளில் குழாயின் தடிமனையும் கோணத்தையும் மூட்டின் தரத்தையும் மதிப்பிடக் கற்றுக்கொண்டார், அந்த அறிவோடு பட்டறைக்குள் நுழைந்தார். மிலானில் தொழில்முறை வீரரும், ஜப்பானில் கெய்ரின் விதியும், பிற்காலத்தில் புதிய ஆர்வலர் கூட்டமும் அத்தகைய வாடிக்கையாளரின் இடத்தை நிரப்பியபோதெல்லாம் தொழில் தழைத்தது. அவ்விடம் வெறுமையானபோது மிகச் சிறந்த கைகளும் வேலையின்றி நின்றன. எனவே ஒரு கைத்தொழிலைக் காக்க நினைப்போர் பட்டறைக்கு மானியம் தேடுவதோடு நின்றுவிடாமல், அப்பட்டறையின் பொருளை ஆழ்ந்து அறிந்து பயன்படுத்தும் மக்களை வளர்ப்பதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பதே பிரிட்டிஷ் சட்டகக் கைவினைஞரின் நூற்றாண்டு தரும் பாடம்.